ஓட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, சமையல்கட்டுச் செவுரு பத்து நாளா காயவே மாட்டேங்குதுங்க. கீழ்ப்பக்கம் பூராவும் உப்புப் பூத்துக் கெடக்குது. கொத்தனாரைக் கேட்டா, பூச்சை உரிச்சுட்டுப் புதுசாப் பூசணும், இருபதாயிரம் ஆகும்கறார். பாப்பாவுக்கு வேற விடாம சளி. நீங்க ஒரு நடை வந்து பாருங்களேன்" என்றாள்.

சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து நான் இறங்கியபோது நல்ல மழை. அதுவும் ஒரு வகையில் நல்லதாயிற்று. காபித் தோட்டத்து ஓரமாக, மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டிய பழைய ஓட்டு வீடு அது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிய மண்கரை. அதற்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே மூன்றடி சந்து. கரைக்கு மேலே மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். ஓட்டின் ஓரத்தில் மழைத் தண்ணீரைப் பிடிக்கக் கட்டிய தகரத்தில் இலை மக்கி, மண்ணாகி, அதில் பெரணிச் செடியே முளைத்திருந்தது! தண்ணீர் முழுக்கத் தகரத்தின் உள்விளிம்பு வழியாக வழிந்து, சுவரோடு சுவராக இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் புதுப் பூச்சு பூசியிருந்தால் அடுத்த மழையில் அதுவும் உரிந்திருக்கும்.

இந்தத் தகரத்துக்குப் பாவம், வீட்டில் மரியாதையே கிடையாது. மழை நாலு நாள் விட்டால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆனால் அது சுமக்கும் பாரத்தைக் கொஞ்சம் கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம் உள்ள ஒரு பக்கத்துக் கூரை ஏறக்குறைய 42 சதுர மீட்டர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் வந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு நாளில் அந்த ஒரு பக்கத்துக் கூரையிலிருந்து மட்டும் 8,400 லிட்டர் இறங்கும். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் 560 குடம். அத்தனை குடத்தையும் யாராவது உங்கள் சமையலறை அஸ்திவாரத்தில் கொண்டுவந்து கவிழ்த்தால் சும்மா இருப்பீர்களா?

சமவெளியில் வீடு இருந்தால் வழிகிற தண்ணீர் வாசலில் குளம் கட்டி, பிறகு வடிந்துவிடும். சரிவில் அப்படி இல்லை. மேட்டுப் பக்கம் விழுகிற தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் சுவரின் அடியில் ஊறும். பள்ளத்துப் பக்கம் விழுகிற தண்ணீர், வீட்டைத் தாங்கி நிற்கும் கல்கட்டுக்குப் பின்னால் இறங்கி மண்ணைக் கனக்கச் செய்யும். ஈர மண்ணுக்கு எடையும் அதிகம், பிடிப்பும் குறைவு. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, இதே புயல் மழையில், திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் பாறையும் மண்ணும் சரிந்து, குழந்தைகளும் சேர்த்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அது மேலேயிருந்து வந்த மலைச்சரிவு. தகரம் அடைத்ததால் வந்ததல்ல. எந்தத் தகரமும் அதைத் தடுத்திருக்காது. ஆனாலும் சரிவில் குடியிருக்கிறவர்கள், தங்கள் கையால் ஒரு குடம் தண்ணீரைக்கூட அந்த மண்ணுக்குள் கூடுதலாக இறக்கக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, பழுது பார்க்கும் விஷயத்துக்கு வருவோம்.

முதல் வேலை, மழை பெய்யும்போதே குடையோடு வெளியே வந்து பார்ப்பது. (இடி மின்னல் இருந்தால் வேண்டாம்.) வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் முன்விளிம்பில் வழிகிறதா, சுவர்ப் பக்கம் வழிகிறதா, இணைப்பில் ஒழுகுகிறதா, நடுவில் ஓட்டையா என்று பார்த்து, அந்த இடத்துக்கு நேரே சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஆள் வந்ததும் "எங்கே ஒழுகுதுங்க?" என்று கேட்கும்போது நாம் முழிக்க வேண்டியதில்லை.

விளிம்பில் வழிந்தால் பெரும்பாலும் அடைப்புதான். குப்பையை அள்ளிய பிறகும் வழிந்தால் வாட்டம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தகரத்துக்குப் பத்தடி நீளத்துக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும். கோடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மறுகோடியில் இருக்கும் குழாய் வாய்க்குத் தடையில்லாமல் ஓட வேண்டும். நடுவில் தேங்கினால் அங்கே தாங்கும் கொக்கி தளர்ந்து தகரம் தொய்ந்திருக்கிறது. இரண்டு மூன்று அடிக்கு ஒரு கொக்கி இருப்பது நல்லது. எங்கள் பெண் வீட்டில் ஆறடிக்கு ஒன்றுதான் இருந்தது. மீதியைக் குரங்குகள் பிடுங்கியிருக்கலாம் என்பது மாப்பிள்ளையின் கட்சி.

சுவர்ப் பக்கம் வழிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசி வரிசை ஓடு தகரத்தின்மேல் நன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓடு நகர்ந்தோ உடைந்தோ உள்ளே போயிருந்தால், தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு வந்து சுவரில் இறங்கும். இதற்குப் புதுத் தகரம் எதுவும் வேண்டாம். அரை அடி அகலத்தில் தட்டைத் தகரப் பட்டை ஒன்றை ஓட்டுக்கு அடியில் செருகி, அதன் நுனி தகரத்துக்குள் வளைந்து இறங்கும்படி அடித்துவிட்டால் போதும். சின்ன வேலை, பெரிய பலன்.

இணைப்பு விட்டிருந்தாலோ சிறு ஓட்டை விழுந்திருந்தாலோ, தகர வேலை தெரிந்தவர் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார். ஆள் கிடைக்காத ஊரில் நாமே எம்-சீல் வைத்து அடைக்கலாம். ஆனால் அந்த இடம் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், துரு முழுக்கச் சுரண்டப்பட்டிருக்க வேண்டும். ஈரத்தின்மேல் வைத்துவிட்டு "அது ஒட்டவே இல்லை" என்று குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. விரல் வைத்து அழுத்தினால் தகரம் உள்ளே போகிறதா? அப்படியானால் ஒட்டுப் போடுவது வீண். அந்தத் துண்டையே மாற்றிவிடுங்கள். இப்போது பி.வி.சி.யிலும் கிடைக்கிறது. துருப்பிடிக்காது, ஆனால் மரக்கிளை விழுந்தால் உடையும். கிளை விழும் இடத்தில் தடித்த தகரமே மேல் என்பது என் அபிப்பிராயம்.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில்தான் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது. காபிக்கு நிழலாக நிற்கும் இந்த சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதன் இலை பெரணி மாதிரி கீறிக் கீறி இருப்பதால் பெரிய கண் வலையில் தங்காது, நழுவி உள்ளே போய்ப் பின்னிக்கொள்ளும். தகரம் முழுவதும் வலை போட்டு மூடிவிட்டால் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று கடையில் சொல்லி விற்பார்கள். நம்பாதீர்கள். இலை வலைமேல் படிந்து மெத்தையாகி, தண்ணீர் அதன்மேல் ஓடி வெளியே கொட்டும். குழாய் வாயில் மட்டும் கம்பி வலையைப் பந்து போலச் சுருட்டி வையுங்கள், போதும். கூரைமேல் சாய்ந்திருக்கும் கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிடுங்கள். கரையைப் பிடித்து நிற்கும் மரத்தை மட்டும் வேரோடு வெட்டிவிடாதீர்கள். அதன் வேர்தான் மண்ணைக் கட்டி வைத்திருக்கிறது.

நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்துச் சகோதரிகள் "இது மலைக்காரங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வாசலில் வேம்போ புளியோ நிற்கும் ஓட்டு வீடு எல்லாவற்றுக்கும் இது உண்டு. புளியிலை பொடிப்பொடியாக உதிர்ந்து களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். மாடி வீடு என்றால் மொட்டை மாடிக் குழாய் வாயைப் பாருங்கள்.

இனி நான் உண்மையில் பயந்த விஷயம். அந்தத் தகரத்தில் அள்ளிய குப்பையை ஒரு வாளியில் போட்டுப் பார்த்தபோது, கீழே நின்ற தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. தொட்டிலில் ஒரு வயதுக் குழந்தை! "மலையில் ஏதுங்க டெங்கு?" என்றாள் எங்கள் பெண். டெங்குவைப் பரப்பும் வரிக்கொசுக்களில் ஒன்று வீட்டுப் பாத்திரங்களில் வளரும். இன்னொன்று தோட்டத்து மரநிழலையே விரும்பும். இரண்டுக்கும் இப்படித் தேங்கிய தண்ணீர் தோதானது. முட்டை பறக்கும் கொசுவாக மாற எட்டுப் பத்து நாள் போதும். அதனால்தான் மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் பார்த்தே ஆக வேண்டும். காய்ந்த தகரத்தில்கூட முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே குப்பையை அள்ளினால் மட்டும் போதாது, துடைப்பத்தால் தேய்த்தும் விட வேண்டும்.

குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அதிகமாக்கும். டாக்டரிடம் காட்டி அவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். காய்ச்சல் இறங்கியதும் அப்பாடா என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து துவளுவது எல்லாம் காய்ச்சல் விடுகிற அந்தச் சமயத்தில்தான் வரும். வந்தால் ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஏணி ஏறுவது யார் என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஈர ஓட்டில் யாரும் கால் வைக்கவே கூடாது. சரிவில் ஏணியைச் சாய்க்க, முதலில் அடியில் மண்ணை வெட்டிச் சமன் செய்து, நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் தள்ளி வைத்து, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கரண்ட் ஒயர் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிமென்ட் அட்டைக் கூரை பொட்டென்று உடைந்துவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையாக இருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். பிள்ளைத்தாய்ச்சிகள் ஏணிப் பக்கமே போக வேண்டாம். நானும் அன்று கீழே நின்று அதிகாரம்தான் பண்ணினேன், ஏறியது மாப்பிள்ளை.

தகரத்தைச் சரி செய்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. கீழே இறங்கும் குழாய் எங்கே முடிகிறது? அந்த வீட்டில் அது கல்கட்டின் தலைமாட்டிலேயே முடிந்து, தண்ணீர் அங்கேயே குழி பறித்திருந்தது. மாப்பிள்ளை ஒரு நீளக் குழாயை வாங்கி மாட்டி, கல்கட்டைத் தாண்டிக் கீழே கல் பாவிய வாய்க்காலில் போய் விழும்படி செய்தார். பின்பக்கச் சந்தில் சிமென்ட் வாய்க்கால் ஒன்று, மேலே மண்கரைக்கு அப்பால் குறுக்கே ஒரு வெட்டுவாய்க்கால். கல்கட்டில் தண்ணீர் கசிய விட்டிருக்கும் ஓட்டைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிட்டோம். அதிலிருந்து சேறும் தண்ணீருமாக வந்ததைப் பார்த்து எல்லாருக்கும் வயிறு கலங்கியது.

மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமானது. கீழ்நாட்டில் நாம் எல்லாரும் குழி வெட்டி மண்ணுக்குள் இறக்குகிறோம், நல்ல காரியம். ஆனால் செங்குத்தான சரிவில், கல்கட்டுக்கு மேலே அந்தக் குழியை வெட்டக்கூடாது. அங்கே தொட்டியில் பிடித்து வையுங்கள். நிரம்பி வழிவதற்கும் ஒரு குழாய் போட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். ஓட்டின்மேல் குரங்கும் பறவையும் நடமாடுகிற இடம், அதனால் துவைக்கவும் செடிக்கு ஊற்றவும்தான் அது ஆகும். தொட்டிக்குக் கொசு நுழையாத மூடி வேண்டும்.

சுத்தம் செய்ய நாள் கேட்பவர்களுக்கு: இலையுதிர்வு முடிந்து கோடை மழைக்கு முன்னால், பங்குனிக் கடைசியில் ஒரு தரம். ஆவணி பிறந்ததும் ஒரு தரம். பிறகு மழை ஓயும் வரை வாராவாரம் ஒரு பார்வை.

தைப் பொங்கலுக்கு எங்கள் பெண் மறுபடி போன் செய்தாள். சுவர் காய்ந்துவிட்டதாம், செலவு பூச்சுக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லையாம். "ஆனா அந்த உப்பு மட்டும் போகலீங்க பெரியம்மா, தேய்ச்சா திரும்பத் திரும்பப் பூக்குது" என்றாள். அதற்கு என்ன செய்வதென்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.