வரையாட்டுக்கு இரண்டு மாத விடுமுறை

பிப்ரவரி பிறந்தால் மூணாறில் வருடா வருடம் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிட்டார்கள் என்பதுதான் அது. வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்று ஏறக்குறைய இரண்டு மாதம் கதவைச் சாத்துகிறார்கள். பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கத்தில்தான் மறுபடி திறப்பு. விஷயம் தெரியாமல் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வண்டி பிடித்து வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறார்கள். ஆடு குட்டி போடுவதற்கெல்லாம் லீவா என்பது அவர்கள் கேள்வி!

லீவு வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த லீவுக்குச் சம்பளம் யார் தருவது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதலில் ஆட்டைப் பற்றி. வரை என்றால் மலை, செங்குத்தான பாறை. அங்கே வாழ்வதால் வரையாடு. பெயரில் ஆடு இருந்தாலும் நம் வெள்ளாட்டுக்கு இது அவ்வளவு நெருங்கிய சொந்தம் இல்லை. இமயமலையில் இருக்கும் தார் என்ற விலங்கோடு சேர்த்து ஒரே இனக்குழுவில்தான் இதை வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2005-ல் வந்த மரபணு ஆய்வு, இல்லை, இது செம்மறிக்குத்தான் பக்கத்துச் சொந்தம் என்று சொல்லித் தனியாகப் பிரித்துவிட்டது. (நூறு வருடத்துக்கு மேல் தப்பான வீட்டில் குடியிருந்திருக்கிறது பாவம்!) நீலகிரியிலிருந்து குமரி மாவட்டம் வரை உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. ஆனால் ஒரே இடத்தில் அதிகமாக வாழ்வது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் இரவிகுளத்தில்தான். 2025-ல் இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303, ஆக மொத்தம் 2,668. ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் எண்ணிக்கைகூடத் தேறாது. உலகத்தில் உள்ள அத்தனை வரையாடும் அவ்வளவுதான்.

தாய் ஆடு பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். சிறுத்தை, புலி, செந்நாய் என்று காத்திருக்கும் வாய்கள் ஏற்கனவே நிறைய. இந்த நேரத்தில் கேமராவோடு நூறு பேர் சூழ்ந்தால் குட்டியும் தாயும் பிரிந்துவிடும்.

97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்ற சின்னப் பகுதி மட்டும்தானே, மற்ற இடத்தில் நிம்மதியாகக் குட்டி போடட்டுமே என்று வாதிடுபவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகவே தெரிகிறது. ஆனால் ராஜமலையில் இருக்கும் மந்தையும் அங்கேயேதான் குட்டி போடுகிறது. அந்த மந்தைதான் மனிதர்களிடம் ரொம்பவும் பழகிவிட்டது. சாலை ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். மனிதனைக் கண்டால் ஓடாத காட்டு விலங்கு என்பது பார்க்க அழகு, ஆனால் அந்த விலங்குக்கு அது பாதுகாப்பு இல்லை. போதாததற்கு அந்த மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும். அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும்.

இந்தப் பூங்கா எப்படித் தப்பியது என்பது ஒரு விசித்திரமான கதை. 1877-ல் பூஞ்சாறு மன்னர் குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னால் தேயிலை வந்தது. இரவிகுளத்தின் உயரமான புல்வெளியை மட்டும் துரைமார்கள் தேயிலைக்குக் கொடுக்காமல் விட்டு வைத்தார்கள். காரணம் கருணை இல்லை, வேட்டை! சுடுவதற்கு ஆடு வேண்டுமென்றால் ஆடு மிச்சம் இருக்க வேண்டுமே. அதற்காக 1928-ல் சங்கமே அமைத்தார்கள். முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். கள்ள வேட்டைக்காரர்களைத் துரத்தியதும், காட்டுத்தீ பரவாமல் பார்த்துக்கொண்டதும் அந்த முதுவர்கள்தான். சங்கத்துக்குப் பெயர் கிடைத்தது, காவலருக்குக் கூலி கிடைத்தது. வரலாறு எழுதும்போது யார் பெயர் முதலில் வரும் என்று சொல்லவே தேவையில்லை.

1971-ல் கேரள அரசு சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை இல்லாத நிலத்தைக் கையகப்படுத்தியது. நிலமில்லாத ஏழை விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நோக்கம். இரவிகுளமும் அந்தப் பட்டியலில் சிக்கிக்கொண்டது. நல்ல நோக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றும் பனியும் அடிக்கும் புல்வெளியில் யார் என்ன விதைத்து என்ன அறுக்க முடியும்? காப்பாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. 1975-ல் சரணாலயம் ஆனது, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது.

அன்று நிலம் பிரிக்கப்படாததால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். புல்வெளியும் சோலைக்காடும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து மெதுவாக விடுகின்றன. இந்த மலையிலிருந்து கிழக்கே இறங்கும் பாம்பாறு மறையூர் வழியாக வந்து அமராவதி அணையில் சேர்கிறது. உடுமலையிலும் கரூர்ப் பக்கத்திலும் வயலுக்குப் பாயும் தண்ணீரில் இந்தப் புல்வெளிக்கும் பங்கு உண்டு. இதற்கு எந்த ரசீதும் இல்லை, எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படுவதில்லை. நுழைவுச் சீட்டு விற்ற பணம் மட்டும்தான் கணக்கில் வருகிறது. அதனால்தான் பூங்கா மூடியிருக்கும் இரண்டு மாதமும் நஷ்டம் என்று தோன்றுகிறது. வணிகவியலில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள், இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களும் உற்பத்திச் செலவில் சேர்ந்தவைதான் என்று. இங்கே மட்டும் ஏன் அந்தப் பாடம் மறந்து போகிறது?

இங்கேதான் சம்பள விஷயம் வருகிறது. அந்த இரண்டு மாதமும் ஜீப் ஓட்டுபவருக்குச் சவாரி குறைகிறது. சோளக்கருது சுடுபவருக்கும் டீக்கடைக்காரருக்கும் வியாபாரம் படுக்கிறது. இவர்களில் பலர் நான்கு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். ஆட்டைக் காப்பாற்ற வேண்டியது உலகத்தின் கடமை என்றால், அதற்கான செலவு மட்டும் ஏன் மூணாறு டீக்கடைக்காரர் தலையில் விழ வேண்டும்? மீதிப் பத்து மாதமும் விற்கும் நுழைவுச் சீட்டில் சில ரூபாய்களைத் தனியாக எடுத்து வைத்தால் போதும். பதிவு செய்த ஓட்டுநர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு தொகை கொடுக்கலாம். கடலில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கு நிவாரணம் தருகிறார்களே, அதே முறைதான். மீனுக்குப் பொருந்துவது ஆட்டுக்குப் பொருந்தாதா என்ன?

இதைச் சொல்லும்போது பெட்டிமுடியைச் சொல்லாமல் போக முடியாது. ராஜமலையைத் தாண்டி இருக்கும் தேயிலைத் தோட்டப் பகுதி அது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அடைமழையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் மண்ணோடு போயின. 70 உயிர்கள். அத்தனை பேரும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் என்றே சொல்லலாம். அப்போது பலர் கேட்டார்கள், ஆட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பு, மனிதனுக்கு ஒன்றுமில்லையா என்று. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் ஆட்டின் மேல் திரும்பக் கூடாது. தொழிலாளிக்குப் பாதுகாப்பான வீடு கிடைக்காமல் போனதற்குக் காரணம் வரையாடு அல்லவே. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது இருவருக்கும் பொறுப்பானவர்களுக்குத்தான் வசதி.

தமிழக அரசும் 2022-ல் வரையாட்டுக்கென்று 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒரு திட்டம் அறிவித்தது. 1975-லேயே மலை மலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்த டேவிதார் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகவும் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆட்டுக்கு மாநில எல்லை தெரியாது என்பதால் இரு மாநிலமும் சேர்ந்து எண்ணியதும் நல்லது.

அடுத்து வருவது 2030. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அந்த வருடம் பூக்க வேண்டும். 2018-ல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளம் எல்லாவற்றையும் கெடுத்தது. உடுமலை சாலையில் பெரியவாரைப் பாலமே உடைந்து போனது. கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2030-ல் வானம் தெளிவாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை வண்டி, அந்தப் பணத்தில் முதுவர் குடிகளுக்கு எவ்வளவு, டீக்கடைக்காரருக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும். பூ பூத்த பிறகு கூட்டத்தின் நடுவே நின்று யாராலும் கணக்குப் போட முடியாது.