தடத்தைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்

அரியலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



ரெட்டிபாளையத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களும், மேல்மண்ணைக் கொட்டி வைத்த மேடுகளும் தாங்கள் அறிந்தவை. பைக் வைத்திருக்கும் பையன் எவனுக்கும் அந்த மேட்டைக் கண்டால் ஒருமுறை ஏற்றிப் பார்க்கத் தோன்றும். மண்மேடுகளைத் தாவும் பைக் பந்தயத்துக்குச் சூப்பர்கிராஸ் என்று பெயர்; 2024 ஜனவரியில் இந்திய சூப்பர்கிராஸ் லீக் புனேயில் தொடங்கியது. ஓசூரின் டிவிஎஸ் பந்தயக் குழு 1982 முதல் இயங்கி வருகிறது. கோவையில் தேசிய சூப்பர்கிராஸ் ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. நம் பிள்ளைகளும் இந்த விளையாட்டுக்கு வரட்டும். ஆனால் இங்கே ஒரு மண்தடம் அமைப்பதற்கோ, ஒருநாள் பந்தயம் நடத்துவதற்கோ அனுமதி கேட்டு மனு வந்தால், தடத்தின் வடிவமைப்பைத் தகுந்தவர்கள் சோதித்து முடிக்கும்வரை கையெழுத்திடாதீர்கள். அதைக் கேட்கவே இந்த மடல்.

தலைக்கவசம் போட்டுவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டோகிராஸ் எனப்படும் மண்தடப் பந்தயத்தில் ஓட்டுநரின் உயிர் பெரும்பாலும் மண்ணின் வடிவத்தைப் பொறுத்தது. மேட்டின் உச்சியை விட்டு வண்டி எழும்பிய பிறகு, ஆக்சிலேட்டரையும் பின் பிரேக்கையும் கொண்டு வண்டியின் முன்பின் சாய்வைக் கொஞ்சம் சரிசெய்யலாம், அவ்வளவுதான். எங்கே விழப்போகிறது என்பதை, ஏறிய வேகமும் மேட்டின் சரிவும் அதற்குள் முடிவுசெய்துவிட்டன. இறங்கும் சரிவு வண்டி விழும் கோணத்தோடு ஒத்துப்போனால் சக்கரம் மண்ணைத் தொட்டு அப்படியே உருளும். அதே உயரத்திலிருந்து சமதரையில் விழுந்தால் அடி முழுவதும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் முதுகெலும்பிலும் இறங்கும்.

மேடுகளிலும் வேறுபாடு உண்டு. இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளம் விட்ட இரட்டை மேட்டில், வேகம் சற்றுக் குறைந்தாலும் வண்டி எதிர்மேட்டின் முகத்தில் மோதும். நடுப்பள்ளத்தை நிரப்பிய 'டேபிள்டாப்' மேட்டில் அதே தவறு செய்தவர் மேலே தட்டையில் இறங்கிப் பிழைத்துக்கொள்வார். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு டேபிள்டாப் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில லோடு மண்தான்.

மேட்டுக்கு அப்பால் ஒருவர் விழுந்து கிடந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியாது. அதனால்தான் ஏறுமுகத்திலிருந்து கண்ணில் படும்படி ஒருவர் மஞ்சள் கொடியோடு நிற்க வேண்டும். அந்தக் கொடி அசைந்தால் தாவக் கூடாது, முந்தக் கூடாது. உலகப் போட்டிகளில் 40 வண்டிகள் ஒரே வரிசையில் புறப்பட்டு முதல் வளைவை நோக்கிப் பாய்கின்றன. நம் ஊரில் 10 வண்டிகள் புறப்பட்டாலும் அந்த வளைவு அகலமாக, வெளிப்பக்கம் வெற்றிடத்தோடு இருக்க வேண்டும். அங்கே வேடிக்கை பார்க்கும் கூட்டம் நிற்கவே கூடாது.

நம் மண்ணுக்கென்று சில ஆபத்துகளும் இருக்கின்றன. சுண்ணாம்புத் தூசி வெயிலில் வெள்ளையாக எழும்பினால் முன்னே போகும் வண்டியே மறையும். ஓட்டத்துக்கு முன்பும் இடையிலும் தண்ணீர் தெளித்தாக வேண்டும். ஆனால் கரிசலில் தண்ணீர் சற்று அதிகமானால் டயரில் அப்பிக்கொண்டு வழுக்கும். பின்சக்கரம் வாரி எறியும் கல் பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும். ஆகவே தடத்தை ஆழமாக உழுது கல் பொறுக்கிய பிறகே வண்டி இறங்கலாம். சுரங்கத்தின் செங்குத்து விளிம்பும் தண்ணீர் தேங்கிய குழியும் தடத்துக்கு அருகில் வரவே கூடாது.

முறையான பந்தயத் தளங்களிலும் உயிர் போயிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் 2023 ஜனவரியில் கார் பந்தயத்தில் அனுபவமிக்க வீரர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். ஆம்புலன்ஸும் மருத்துவரும் நிற்கும் தளத்திலேயே இப்படி என்றால், ஒரு ஜேசிபியை வைத்து ஒரே நாளில் மேடு குவித்து நடத்தும் பந்தயத்தில் என்ன ஆகும்?

பொது இடத்தில் மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றி வண்டிப் பந்தயம் நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி குற்றம். தடைபோட்டு விரட்டினால் மட்டும் பையன்கள் நிற்கமாட்டார்கள், ஆளில்லாத பள்ளத்தைத் தேடிப் போவார்கள். வழக்கு போடும் அதே அக்கறையோடு ஒரு நல்ல இடத்தையும் காட்டுங்கள்.

ஆகவே தங்களிடம் கேட்பவை:

1. மண்தட ஓட்டம் எதுவானாலும், இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு அங்கீகரித்த அலுவலர் தடத்தை நேரில் நடந்து பார்த்து எழுத்தில் சான்று தரட்டும். அதன் பிறகே அனுமதி.

2. ஆம்புலன்ஸும் மருத்துவரும் தடத்தில் இல்லாமல் ஒரு வண்டியும் புறப்படக் கூடாது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிச் சென்றால் அது திரும்பும்வரை ஓட்டம் நிற்க வேண்டும்.

3. சுரங்கங்களை மூடும் திட்டம் 2017ஆம் ஆண்டுக் கனிமப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டாயம். அத்திட்டங்களைப் பரிசீலிக்கும்போது, பாதுகாப்பான ஓர் இடத்தைப் பயிற்சித் தடத்துக்கு ஒதுக்க முடியுமா என்று கனிமவளத் துறையையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தையும் சேர்த்து ஆராயச் சொல்லுங்கள். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் இதற்கு இடமுண்டா என்பதையும் பாருங்கள்.

4. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோரின் இசைவோடும், பயிற்சியாளரின் மேற்பார்வையிலும், தங்கள் உயரத்துக்கேற்ற சிறிய வண்டியிலும் மட்டுமே பழகட்டும்.

இந்த மாவட்டத்து மண்ணை வெட்டி எடுத்து நாடெங்கும் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. மீந்த மேட்டில் நம் பிள்ளைகள் விளையாட ஆசைப்படுகிறார்கள். அந்த மேடு எந்தச் சரிவில் இருக்க வேண்டும் என்பதை முதல் வண்டி ஏறுவதற்கு முன்பே முடிவுசெய்யும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரெட்டிபாளையம் வட்டாரத்துப் பெற்றோருள் ஒருவன்