மூச்சுக் குழாயை எடுக்க ஆள் வேண்டாமா?



"லட்சம் லட்சமாகக் கொட்டி வென்டிலேட்டர் வாங்கியிருக்கிறோம். நர்சுகளில் இரண்டு பேர் குறைந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?" - இது ஆஸ்பத்திரி நிர்வாகங்களின் வாதம். நமக்கு இது புதிதா? "புது மிஷின் வந்துவிட்டது, இரண்டு சைடு பார்த்தவன் நாலு சைடு பார்" என்று பஞ்சாலை முதலாளி சொன்ன அதே பேச்சுத்தான்! அங்கே அறுந்தது நூல். இங்கே அறுவது உயிர்.

வென்டிலேட்டர் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் யந்திரம். ஆபத்து வேளையில் அது அவசியம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாள் கூடக்கூட மூச்சுத் தசைகள் நலிந்து போகின்றன; நிமோனியா பற்றிக்கொள்கிறது. அவசரப்பட்டுக் குழாயை எடுத்தாலோ, மூச்சுத் திணறி மீண்டும் குழாய் போட நேரிடும். ஆகவே நோயாளியை யந்திரத்தில் ஏற்றுவதைவிட இறக்குவது நுட்பமான வேலை.

அந்த வேலையை அருகிலிருந்து செய்வது யார்? மயக்க மருந்தைக் குறைத்ததும் நோயாளி கண் திறக்கிறாரா, சொன்னதைக் கேட்டுக் கையை அழுத்துகிறாரா, சளியை இருமித் தள்ளுகிறாரா என்று பார்ப்பவர் நர்ஸ். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் நோயாளியைத் தானே மூச்சு விடவிட்டுச் சோதிக்கும்போது, மூச்சை எண்ணி, வியர்வையையும் பதற்றத்தையும் கவனித்துப் பக்கத்திலேயே நிற்பவரும் அவர்தான்.

"நர்சுகள் டாக்டராகப் பார்க்கிறார்களா?" என்று சில மேதாவிகள் ஏளனம் செய்கிறார்கள். 1997-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று அவர்களுக்குப் பதில் சொல்கிறது. செயின்ட் லூயிஸ் நகரில் 357 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். வழக்கம்போல் டாக்டர் உத்தரவுக்குக் காத்திருந்த பிரிவில் பாதிப்பேர் யந்திரத்திலிருந்து விடுபட 44 மணி நேரம் ஆயிற்று. எழுதிவைத்த விதிப்படி நர்சுகளும் சுவாச சிகிச்சை ஊழியர்களும் நடத்திய பிரிவில் 35 மணி நேரமே ஆயிற்று. டாக்டரைவிட நர்ஸ் மேதை என்பதல்ல இதன் பொருள். டாக்டர் வந்து போகிறார். நர்ஸ் கட்டிலருகே இருக்கிறார். தறியருகே நிற்பவனுக்குத்தானே தறியின் சத்தம் தெரியும்!

ஆனால் ஒரே நர்ஸ் நாலைந்து கட்டில்களுக்கு ஓடினால் இதெல்லாம் நடக்குமா? நடக்காது. நோயாளி யந்திரத்திலேயே கிடப்பார். தனியார் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் பில் ஏறும். விவசாயத் தொழிலாளி வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போகும். நர்ஸ் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு முதலாளி பையில். நஷ்டம் நம் தலையில்!

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் உழைத்த நர்சுகள், 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். அது கூலிக்கான போராட்டம் மட்டுமல்ல, நம் மூச்சுக்கான போராட்டமும்கூட.

வென்டிலேட்டர் கட்டில் ஒன்றுக்கு, ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நர்ஸ் வேண்டும்! எழுதிய விதியும், முறையான பயிற்சியும், நிரந்தர வேலையும் வேண்டும்! நர்சுகள் எழுப்பும் இக்கோரிக்கைகளை ஆலை வாயிலிலும் வயல் வரப்பிலும் நாமும் எழுப்புவோம். நாளை அந்தக் கட்டிலில் கிடக்கப்போவது நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.