எந்த வெப்பநிலையில்?

நம்ம லேப் ரெக்கார்டில் ரீடிங் இருக்கும், யூனிட் இருக்கும். அன்றைக்கு அறை வெப்பநிலை என்னன்னு எழுதச் சொன்னா மட்டும் "அதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கிறோம். எதுக்குன்னு புரிய வைக்க அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

அங்கே ரைஃபிள் சுடுபவர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் ஹேண்ட்லோடிங். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் நமக்கு இது படிக்க மட்டும்தான்!) மருந்தை 0.1 கிரெயின், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம் துல்லியத்தில் எடை போடுவார்கள். ஆனா தராசில் தெரியாத ஒண்ணு இருக்கு: மருந்தின் சூடு.

புகையில்லா வெடிமருந்தின் முக்கியப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது ஏற்கெனவே சூடாக இருந்தால், எரியும் நிலைக்கு வரக் குறைந்த வெப்பமே போதும், வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் இன்னும் கூடும். ஒன்றை ஒன்று தூண்டிவிடும் சுற்று இது.

வேகத்தில் என்ன ஆகும்? சில மருந்துகளுக்கு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு நொடிக்கு ஓர் அடி என்பது பழைய கைக்கணக்கு. 21 டிகிரி செல்சியஸிலிருந்து 45-க்குப் போனால் நொடிக்குச் சுமார் 13 மீட்டர் கூடும். 800 மீட்டர் வேகம் 813 ஆனால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலே, 500 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 6 செ.மீ. மேலே படும்.

குறி தவறினால் கூடப் பரவாயில்லை. குளிர்காலத்தில் அழுத்தத்தின் உச்ச வரம்பு வரை நிரப்பிய தோட்டா, ஜூலை மாத அரிசோனா வெயிலில் மூடிய காருக்குள் கிடந்தால் வரம்பைத் தாண்டலாம். போல்ட் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது அதன் அறிகுறிகளில் ஒன்று. தொடர்ந்து சுட்டுச் சூடான சேம்பரில் தோட்டாவை விட்டுவைத்தாலும் இதே கதைதான்.

"வெப்பத்தால் மாறாத மருந்து வந்தாச்சே"ன்னு சொல்வாங்க. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் 'எக்ஸ்ட்ரீம்' வரிசை அப்படித்தான் விற்பனையாகிறது. மாற்றம் குறையும், உண்மை. ஆனா பூஜ்யம் ஆகாது. பிரைமர், உறை, குண்டு எல்லாம் சேர்ந்துதான் முடிவு. அதனால்தான் நேட்டோ சோதனை முறையில் தோட்டாவை 21 டிகிரியோடு நிறுத்தாமல் 52-லும், மைனஸ் 54-லும் சுட்டுப் பார்க்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: வெப்பநிலை எழுதாத ரீடிங் பாதி ரீடிங். சோலார் பேனலின் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. மே மாதம் நம்ம மொட்டை மாடியில் எந்த செல் 25-ல் இருக்கும்? சிலிக்கான் பேனல் டிகிரிக்குச் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் இழக்கும். ப்ராஜெக்ட்டில் அந்த 25 டிகிரி எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால், குளிர்காலத்தில் நிரப்பி வெயிலில் சுடுகிறவருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த ரெக்கார்டில் டேபிளுக்கு மேலே ஒரு வரி சேருங்க. தெர்மாமீட்டர் லேப்லயே இருக்கு.