வேரடி நண்பர்கள்



பாக்டீரியா என்றதும் உங்களுக்குக் காய்ச்சலும் ஊசியும்தான் நினைவுக்கு வரும், இல்லையா? உண்மையில், நோய் தரும் பாக்டீரியாக்கள் கொஞ்சம்தான். நாம் உண்ணும் சோற்றுக்காகவும் குழம்புக்காகவும் மண்ணுக்குள் பாடுபடும் பாக்டீரியாக்களும் உண்டு. அவற்றைப் பற்றி இந்த வாரம் தெரிந்துகொள்வோம்.

ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. செடியின் வேரைச் சுற்றி அவற்றின் கூட்டம் இன்னும் அதிகம். ஏன் தெரியுமா? செடி, தன் இலையில் தயாரிக்கும் உணவில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசிய விடுகிறது. அந்த விருந்தை உண்ண வரும் பாக்டீரியாக்களில் பல, பதிலுக்கு உதவியும் செய்கின்றன. ரைசோபியம் என்ற பாக்டீரியா, உளுந்து, நிலக்கடலை போன்ற செடிகளின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றித் தருகிறது. வேறு சில, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருகின்றன.

செடிக்குக் கஷ்ட காலம் வரும்போதுதான் இந்த நட்பின் அருமை நன்றாகத் தெரியும்.

மழை பொய்த்து மண் காய்ந்தால், செடிக்குள் எத்திலீன் என்ற வாயு அதிகமாக உண்டாகும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிறதே, அதே வாயுதான்! அது அளவு மீறினால் வேர் வளர்வது குறையும். இலைகள் பழுத்து உதிரும். இந்த நேரத்தில் சில பாக்டீரியாக்கள், எத்திலீன் உண்டாவதற்கு வேண்டிய மூலப்பொருளையே தின்றுவிடுகின்றன. மூலப்பொருள் குறைந்தால் எத்திலீனும் குறையும் அல்லவா?

இஸ்ரேல் நாட்டில் அரவா என்ற வறண்ட பகுதி இருக்கிறது. அங்குள்ள மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவை, தக்காளி, மிளகாய் இனச் செடிகளின் நாற்றுகளுக்குக் கொடுத்து இஸ்ரேல், கனடா நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2004இல் வெளிவந்தது. தண்ணீர் ஊற்றாமல் விட்டபோது, பாக்டீரியா பெற்ற நாற்றுகளும் மற்றவற்றைப் போலவே நீரை இழந்து வாடின. ஆனால், மறுபடி தண்ணீர் ஊற்றியதும் அவை மற்றவற்றைவிட நன்றாகத் தேறி வளர்ந்தன!

பாக்டீரியாவால் மழையைக் கொண்டுவர முடியாது. ஆனால், மழை வரும்வரை செடி தாக்குப்பிடிக்க உதவ முடியும். நல்ல நாளில் உணவு கொடுத்த செடிக்கு, கெட்ட நாளில் துணை நிற்கிறது அந்தச் சின்னஞ்சிறு உயிர்.

நம் விவசாயிகளும் இந்த நண்பர்களை அறிவார்கள். அசோஸ்பைரில்லம், ரைசோபியம் போன்ற உயிர் உரங்களை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையோடு புரட்டி, நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியாக்கள் செத்துவிடும்.

வெயிலுக்கே சாகும் உயிர்கள், தீயை எப்படித் தாங்கும்? அறுவடை முடிந்த வயலில் தாளைக் கொளுத்துகிறோம். தோட்டத்துச் சருகைக் கூட்டித் தீ வைக்கிறோம். அந்தச் சூட்டில் மேல்மண்ணிலுள்ள எண்ணற்ற உயிர்கள் அழிகின்றன. மண்ணுக்குப் போக வேண்டிய உணவும் புகையாகப் போகிறது. இது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு. மழை தவறும் ஆண்டுகளில் நம் பயிருக்குத் துணை வேண்டாமா?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டிலோ பள்ளியிலோ ஒரு மூலையில் சிறு குழி தோண்டச் சொல்லுங்கள். சருகையும் காய்கறித் தோலையும் அதில் போட்டு, மேலே கொஞ்சம் மண் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் அருமையான மக்கு உரம் கிடைக்கும். செடிக்கும் உணவு, மண்ணில் வாழும் உயிர்களுக்கும் உணவு!

வாய்ப்புக் கிடைத்தால், பெரியவர்களிடம் கேட்டு ஒரு நிலக்கடலைச் செடியை வேரோடு எடுத்துப் பாருங்கள். வேரில் கடுகு போல முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ரைசோபியம் மும்முரமாக வேலை செய்கிறது என்று பொருள். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள். மண்ணில் நண்பர்களோடு நோய்க் கிருமிகளும் இருக்கலாம்!

நம் காலடி மண்ணும் உயிருள்ளதுதான், செல்லங்களே. அதைப் பட்டினி போடாமலும் சுட்டுப் பொசுக்காமலும் காப்பது நம் எல்லோருடைய கடமை.