தொல்லை முதல் வாரம், பலன் நாலாவது வாரம்: மனச்சோர்வு மாத்திரை பாதியில் நிற்பது ஏன்?

“மாத்திரை ஆரம்பிச்சு நாலு நாள்தான் ஆச்சு. வயித்தைப் புரட்டுது, தலை கிர்ருன்னு சுத்துது. இதுக்கு அந்த நோயே பரவாயில்லை.” மனநல சிகிச்சைக்கு வருபவர்களிடம் வழக்கமாகக் கேட்கிற புகார் இது. புகார் சொல்ல வந்தால்கூட நல்லதுதான். சிலர் அதற்கும் வருவதில்லை. மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடும், சிகிச்சை அதோடு முடிந்துவிடும்.

இந்தியாவில் இது சாதாரண இழப்பு அல்ல. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. எந்த நோய் என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. வீட்டுக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து, கடைசியில் டாக்டரிடம் வந்து சேர்ந்த ஒருவர் இரண்டாவது வாரத்திலேயே விலகிப்போனால், அவர் திரும்பி வருவது கஷ்டம்.

தொல்லை மட்டும் ஏன் முந்திக்கொள்கிறது?

எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மருந்துகள் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. உடலில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது செரிமானப் பாதையில். அதனால் மாத்திரையின் வேலை வயிற்றில் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, படபடப்பு, தூக்கக் கோளாறு எல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்து, மெல்ல அடங்கும்.

மூளை இந்த மாற்றத்துக்குப் பழக நாளாகும். மனநிலையில் முன்னேற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். இந்த இடைவெளியை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் நோயாளி தாக்குப்பிடிப்பார். சொல்லாவிட்டால், “மருந்து ஒத்துக்கலை” என்று அவரே முடிவு கட்டிவிடுவார்.

எப்படிச் சமாளிப்பது?

குமட்டல் இருந்தால் சாப்பிட்ட பிறகு மாத்திரை போடலாம். பகலில் தூக்கம் வந்தால் இரவிலும், இரவில் தூக்கம் கெட்டால் காலையிலும் போடும்படி டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். படபடப்பு இருப்பவர்கள் காபி, டீயைக் குறைப்பது நல்லது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய ரக மருந்துகளில் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரும். தண்ணீரும் நார்ச்சத்துள்ள உணவும் உதவும். பெரிய பத்தியம் எதுவும் தேவையில்லை, மது மட்டும் கூடாது. டைக்ளோஃபினாக் மாதிரியான வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மருந்துக்கடையில் வலிக்கு மாத்திரை கேட்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

சொல்லக் கூச்சப்படும் பக்க விளைவும் ஒன்று உண்டு. பாலுறவில் நாட்டம் குறைவது, உச்சநிலை தாமதமாவது ஆகியவை ஆண், பெண் இருவருக்கும் வரலாம். குமட்டல்போல இவை தானாக அடங்கும் என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் வாயைத் திறந்தால் டோஸைக் குறைக்கவோ, பூப்ரோபியான், மிர்ட்டாஸபின் போன்ற மருந்துக்கு மாறவோ வழி இருக்கிறது. மிர்ட்டாஸபினில் பசியும் எடையும் கூடலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது?

முதல் சில வாரங்களில் இளைஞர்களிடம் தவிப்பு, தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2004-ல் சிறார்களுக்காக விடுத்த எச்சரிக்கை, 2007-ல் 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் சோடியம் குறைந்திருக்கலாம். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், காய்ச்சலோடு நடுக்கம், தசை விறைப்பு ஆகியவை தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பட்டென்று நிறுத்தினால்?

தலைசுற்றல், எரிச்சல், “மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி” ஒரு உணர்வு வரலாம். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸினில் இது அதிகம். உடலில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெடினில் குறைவு. இதைப் பார்த்து, “பழகிடுச்சு, அடிமையாயிட்டேன்” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போதைப்பொருள்போல ஏக்கமும், அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வெறியும் இதில் இல்லை. ஆனால் இந்தத் தொல்லை பொய்யும் அல்ல. லேசானது, ஓரிரு வாரத்தில் போய்விடும் என்றுதான் மருத்துவ உலகம் வெகுகாலம் சொல்லிவந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிலருக்கு அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளலாம் என்று ஏற்றுக்கொண்டு, படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. குணம் தெரிந்த பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு, டாக்டரோடு பேசித்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே இடிக்கிறது?

கூட்டம் நெரியும் ஓபியில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடும், விளக்கம் வராது. “முதல் ரெண்டு வாரம் கொஞ்சம் படுத்தும், பயப்படாதீங்க, விட்டுடாதீங்க” என்று சொல்ல அரை நிமிடம் போதும். அதை நர்ஸோ ஆலோசகரோகூடச் சொல்லலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். நோயாளி தன் பங்குக்கு, என்றைக்கு என்ன தொல்லை வந்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் நீட்டினால், மாத்திரையை மாற்றுவதா, டோஸை மாற்றுவதா என்று அவரால் அங்கேயே முடிவெடுக்க முடியும்.