காற்று மன்னாருடையது, கரண்ட் நாட்டுடையது, பங்கு யாருடையது?

நாவலப்பிட்டி ஊர் மக்கள் அனைவருக்கும்.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி இரவு மன்னாரில் காற்றாலைப் பாகங்கள் ஏற்றி வந்த வாகனங்களை மறித்த மக்களுக்கும் பொலிஸாருக்கும் இடையில் மோதல் நடந்தது. பலர் காயப்பட்டார்கள். அதற்குப் பிறகு நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான மெசேஜ்தான் சுற்றுகிறது. "காற்றுக்கு என்ன காசா? இவர்கள் மறிப்பதால்தான் நமக்குக் கரண்ட் பில் கூடுகிறது." இன்னும் சிலர் "அபிவிருத்திக்கு எதிரானவர்கள்" என்று முத்திரையே குத்திவிட்டார்கள்.

இதை ஃபோர்வர்ட் செய்கிறவர்களிடம் ஒரே கேள்வி. நாம் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம்?

நமக்குப் பக்கத்தில் கொத்மலை அணை இருக்கிறது. 1985 இல் இயங்கத் தொடங்கியது. 201 மெகாவாட். அந்தத் தண்ணீருக்கு அடியில் வயல் இருந்தது, வீடு இருந்தது, விகாரை இருந்தது. நீர்மட்டம் இறங்கினால் கடதொர விகாரையின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. அங்கிருந்த குடும்பங்கள் தூரத்து மகாவலி வலயங்களுக்குப் போனார்கள். நாட்டுக்கு வெளிச்சம் வந்தது. பள்ளத்தாக்கு போனது போனதுதான்.

பிறகு தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம். 150 மெகாவாட், 2012 இல் திறந்தார்கள். சென் கிளயார் நீர்வீழ்ச்சியைக் காப்பாற்ற எத்தனை ஆர்ப்பாட்டம் நடந்தது என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் பகல் நேரத்தில் நீர்வீழ்ச்சிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் வேலை நடந்தது. கினிகத்தேனைக்கு அப்பால் கித்துல்கலையில் புரோட்லேண்ட்ஸ் திட்டம் வந்தபோது, ராஃப்டிங் படகு ஓட்டிப் பிழைக்கும் இளைஞர்கள் ஆறு வற்றினால் எங்கள் அடுப்பும் அணையும் என்று பயந்தார்கள். அது 35 மெகாவாட்.

ஆற்றைக் கொடுத்துக் கரண்ட் எடுத்தவர்கள் நாம். அதன் விலை என்னவென்று தெரிந்த நாமே மன்னார் மக்களைப் பார்த்து "சும்மா மறிக்கிறார்கள்" என்று சொல்லலாமா?

அதே நேரம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். காற்றாலை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நிலக்கரியும் டீசலும் வாங்க டொலர் இல்லாமல் 2022 இல் நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது. 2030 இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் வர வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அது சரியான இலக்கு.

காற்றாலை வந்தால் உல்லாசப் பயணிகள் ஓடிவிடுவார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. அம்பேவெலயில் 3 மெகாவாட் அளவில் சின்னக் காற்றாலை ஒன்று இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனால் பால் பண்ணையைப் பார்ப்பதை விட அந்தக் காற்றாடிகளுக்கு முன்னால் நின்று படம் எடுக்கத்தான் முண்டியடிப்பார்கள். போகிற வழியில் கரட் விற்கிறவர், சோளம் அவிக்கிறவர் எல்லாருக்கும் அதில் நாலு காசு வருகிறது.

அப்படியானால் மன்னாரில் என்ன பிரச்சினை? அளவு, இடம், பங்கு. இந்த மூன்றும்தான்.

மன்னார் ஒரு சின்னத் தீவு. தென் கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி திறக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனில் கட்டியது. அதன் பிறகு மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து 484 மெகாவாட் என்று அதானி வந்தது. அடுத்ததாக 50 மெகாவாட்டில் ஒன்று, 20 மெகாவாட்டில் ஒன்று. 2025 ஓகஸ்டில் ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். மாதம் முடிந்தது, வாகனங்கள் மறுபடி வந்தன.

அந்த மக்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். கோபுரத்துக்குப் பாதை போட்டதால் மழைத் தண்ணீர் கடலுக்கு ஓட வழியில்லாமல் ஊருக்குள் நிற்கிறது என்கிறார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் மீன் கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்கிறார்கள். விஞ்ஞானிகள் அளந்து பார்க்கட்டும். ஆனால் "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர்கள் வாயை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சுற்றுலாவுக்கு வருவோம். மன்னாருக்கு ஆட்கள் போவது எதைப் பார்க்க? கோட்டை, பெருக்க மரம், தலைமன்னார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பறவைகள். ஒக்டோபர் பிறந்தால் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி மத்திய ஆசிய வான்வழியில் பறவைகள் வருகின்றன. வங்காலை சரணாலயம் 2010 இலிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க வருகிறவர் அங்கே ஒரு இரவு தங்குகிறார், மீன் சோறு சாப்பிடுகிறார், ஆட்டோ பிடிக்கிறார், கருவாடு வாங்கிக்கொண்டு போகிறார். அந்தப் பணம் நேரே ஊர்க்காரன் கையில் விழுகிறது. கோபுரம் கட்டும்போது கூலி வேலை கிடைக்கும், சரி. கட்டி முடிந்த பிறகு? சில தொழில்நுட்பவியலாளர்கள், சில காவலாளிகள். கரண்ட் கம்பி வழியாக வெளியே போகிறது, காசும் வெளியே போகிறது. பறவை வரும் வழியில் கோபுரம் நட்டால் அந்த மீன் சோற்றுக் கடைக்கு யார் பதில் சொல்வது?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியும் அதில் ஒன்று. புத்தளத்தில் முகாமில் கிடந்து, எத்தனையோ வருடம் கழித்துத் திரும்பிப் போன குடும்பங்கள் அந்தத் தீவில் இருக்கின்றன. மீனவத் தமிழ்க் குடும்பங்களும் யுத்தத்தில் அதே பாடுபட்டன. தன் மண்ணில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

மற்ற நாடுகள் என்ன செய்தன? டென்மார்க்கில் 2009 இல் ஒரு சட்டம் வந்தது. புதிதாகக் காற்றாலை கட்டுகிறவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை 4.5 கிலோமீட்டருக்குள் வாழும் மக்களுக்கு விற்க முன்வர வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் அது நடைமுறையில் இருந்தது. ஸ்கொட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு வருடம் 5,000 பவுண் ஊர் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் பரிந்துரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்பபவனிக்கு அதே அளவு வைத்தால் வருடம் 517,500 பவுண். ஒரு தீவின் வடிகாலுக்கும் பாடசாலைகளுக்கும் அது எவ்வளவு பெரிய பணம்!

நம் நாட்டில் விவாதம் எதைப் பற்றி நடந்தது? ஒரு யூனிட் 8.26 அமெரிக்க சதமா, குறைக்கலாமா என்று. விலையை மறுபடி பேச வேண்டும் என்றதும் 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. அந்த 50 மெகாவாட் திட்டம் 4.65 சதம். நல்லது, நமது பில்லுக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் சதங்களில் கோபுரம் நிற்கும் ஊருக்கு எத்தனை என்று கொழும்பில் யார் கேட்டார்கள்?

நாம் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, இடத்தைத் தீர்மானிக்கும் முன் மக்களிடம் அவர்கள் மொழியில் பேச வேண்டும். லொறி வந்து நின்ற பிறகு பேசுவது கலந்துரையாடல் ஆகாது.

இரண்டு, மழைநீர் ஓடும் வழியிலும் பறவை பறக்கும் வழியிலும் கோபுரம் வேண்டாம். காற்று மன்னார்த் தீவில் மட்டும் வீசவில்லை.

மூன்று, ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் ஊருக்கு இவ்வளவு என்று சட்டத்தில் எழுத வேண்டும். மன்னாரின் காற்றுக்கும், கொத்மலையின் தண்ணீருக்கும் அதே சட்டம்.

நாளைக்கு நமது மலை ஓடையிலோ மேட்டிலோ ஒரு திட்டம் வந்தால் இதே கேள்விகளைத்தான் நாமும் கேட்போம். அன்றைக்கு மன்னார்க்காரன் "சும்மா மறிக்கிறார்கள்" என்று ஃபோர்வர்ட் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அதனால் அந்த மெசேஜை நிறுத்துங்கள். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு எங்காவது போக நினைத்தால் மன்னாருக்குப் போங்கள். ஊர்க்காரர் வீட்டில் தங்குங்கள், அவர்கள் கடையில் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குப் பூநாரையையும் காற்றாலையையும் காட்டுங்கள். கரையில் வலை இழுக்கிறவரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். பிறகு வந்து நம்மோடு வாதாடுங்கள், நாம் தயார்.